கோல்கீப்பருக்குப் பொத்தான் கிடையாது

கால்பந்தாட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரே குறை கால்தான் என்பது, இளையோர் ஆடுகள மேம்பாட்டு வாரியம் எடுத்துச் சொன்ன பிறகுதான் செஞ்சி மக்களுக்குத் தெரியவந்தது. கால் இருந்தால் ஓடும். ஓடினால் இடம் கேட்கும். இடமோ, கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் திரண்டு வரத் தொடங்கிய பிறகு வேன்களுக்கே போதவில்லை. ஆகவே வாரியம் தன் மைதானத்தை வண்டி நிறுத்துமிடமாக அறிவித்தது. இரண்டு கோல் கம்பங்களையும் பிடுங்குவது வீண் வேலை என்பதால், ஒன்றில் 'உள்ளே' என்றும் மற்றொன்றில் 'வெளியே' என்றும் எழுதி வாசல்களாக்கிவிட்டது.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மகளிர் கால்பந்துப் போட்டி நடத்தியே ஆகவேண்டும் என்று வாரியத்தின் விதி சொன்னது. விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதினால் பதில் வர நான்கு வருஷம் ஆகும். கால்பந்தை மாற்ற ஒரு வாரம் போதும். எனவே அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்றும் கால்பந்து வீடியோ கேம் ஒன்றும் வாங்கப்பட்டன. அந்த விளையாட்டின் நிறை குறைகளை ஆராய்ந்து அறிக்கை தர ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. குழு சுறுசுறுப்பானது. டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே பதினான்கு நிறைகளை எழுதி முடித்துவிட்டது.

இது எதுவும் தெரியாமல், மே மாதத்து வெயிலில் கையில் ஒரு விண்ணப்பத்தோடு வாரியத்தின் படியேறியவர் தனகோட்டி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குபவர். அவர் மகள் ரஞ்சனி பிளஸ் டூ முடித்திருந்தாள். பள்ளி அணியின் கோல்கீப்பர். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. பள்ளி அணியில் ஆடியதெல்லாம் போதாது, வாரியம் நடத்தும் போட்டியில் ஆடியதாகச் சான்றிதழ் வேண்டும், அதுவும் ஜூன் கடைசிக்குள் வேண்டும் என்பது நிபந்தனை. சான்றிதழ் வராவிட்டால் சேத்துப்பட்டு உறவுக்காரர்கள் வருவார்கள். பெண் கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை வந்துபோனவர்கள்.

ரஞ்சனி கோல்கீப்பர் ஆனது மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், அவர் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். குறுகலான சந்துகளில் எண்பது கிலோ மூட்டையோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் இடிபட வேண்டியதுதான். முகத்தைப் பார்க்க முடியாது, மூட்டை மறைத்திருக்கும். காலைப் பார்த்தால் அதற்குள் வந்து இடித்துவிடுவார்கள். இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு நொடி முன்னதாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு தடவை இடிபட்டதில் அவளே கண்டுகொண்டது. பின்னால் பள்ளியில் பெனால்டி அடிக்க வந்த பெண்கள், இவள் ஏதோ மந்திரம் வைத்திருக்கிறாள் என்று புகார் சொன்னார்கள்.

வாரியத்தின் வட்டார அலுவலர் இளையபெருமாள் விண்ணப்பத்தை வாங்கி மின்விசிறிக்குப் பறக்காமல் டம்ளரை மேலே வைத்தார்.

"மேட்ச் எங்க சார் நடக்குது? கிரவுண்டுல வேனு நிக்குதே" என்றார் தனகோட்டி.

"கிரவுண்டு ஹாலுக்கு வந்துடுச்சிப்பா."

தனகோட்டி திரும்பிப் பார்த்தார். ஹாலில் தண்ணீர் கேன் இருந்தது. நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சுவரில், உறை பிரிக்காத டிவி.

"அதுக்குள்ளதான் இருக்குது. புல்லு வெட்ட வேணாம், தண்ணி வுட வேணாம், மாடு உள்ள வராது. உள்ளயே அறுபதாயிரம் ஜனம் ஒக்காந்து கை தட்டுது. நம்ம போட்டிக்கு எப்பனா அறுபது பேரு வந்துருக்கானா, சொல்லு."

"இல்ல சார். நானும் மார்க்கெட்டு ஆளுங்க நாலு பேரும்தான் வருவோம்."

"பாத்தியா. அது நிறை நம்பர் மூணு. ஏழாவது நிறைய கேளு. டிவி உள்ள ஓடுறவன் எல்லாம் ஆம்பள. நம்ம பொண்ணுங்க சும்மா ஒக்காந்துருக்கும். டவுசர் போட்டுக்கினு ஓடுதுங்கன்னு எந்த ஊர்லயும் எவனும் பேச முடியாது. பெண்கள் விளையாட்டுக்கு இத்தன வருசமா இருந்த தடைய ஒரே டிவில ஒடச்சிட்டோம்."

தனகோட்டிக்குப் புரியவில்லை. ஆனால் அலுவலகத்தில் புரியாமல் நிற்பது அவருக்குப் பழக்கமானதுதான்.

"எம் பொண்ணு இன்னா கொண்டுகினு வரணும் சார்?"

"விதில இருக்கிறது எல்லாம். ஷூ, ஜெர்சி, டாக்டர் சர்டிபிகேட்டு. நூறு மீட்டர் ஓடிக் காட்டணும்."

"ஓடணுமா சார்?"

"ஓடிட்டு வந்து ஒக்காரணும்."

அப்படியே நடந்தது. பதினொரு பெண்களும் 'உள்ளே'யிலிருந்து 'வெளியே' வரை, இரண்டு வரிசை வேன்களுக்கு நடுவில் ஓடிக் காட்டினார்கள். உட்காருவதற்குத் தகுதியானவர்கள் என்று அவர்களுக்குச் சீட்டு வழங்கப்பட்டது.

பயிற்சி நாளன்று டிவியைப் பொருத்தி நடுவராக நின்றவர் தங்கராஜ். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், கழுத்தில் எப்போதும் விசில். வீடியோ கேமோடு வந்த சிறு புத்தகத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்று நாளாகப் படித்துவந்தார். ஒரு அணிக்கு ஒரு கன்ட்ரோலர். காணாமல் போய்விடக் கூடாது என்று ஒயர் வைத்ததாகவே வாங்கியிருந்தார்கள். அணிக்கோ பதினொரு பேர். விதியில் பதினொரு பேர் என்று இருப்பதால், கன்ட்ரோலர் இல்லாத பத்து பேரும் அவரவர் ஆடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று குழு முடிவு செய்திருந்தது.

மோனிகாவுக்குக் கன்ட்ரோலர் கிடைத்தது. அவள் ஃபார்வர்டு, தவிர அவள் மாமா பையன் வீட்டில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. பின்னால் நாலு, அதற்குப் பின்னால் நாலு. எல்லாருக்கும் பின்னால், தண்ணீர் கேனைத் தாண்டி, கழிவறைக் கதவை ஒட்டி ஒரு தனி நாற்காலி. அது ரஞ்சனிக்கு. அங்கிருந்து பார்த்தால் பத்துத் தலைகள் தெரிந்தன. தலைகளுக்கு நடுவில் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரஞ்சனி கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு எந்த பட்டன்?"

தங்கராஜ் புத்தகத்தைப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"கோல்கீப்பருக்குப் பொத்தான் கிடையாதும்மா. அது தானா புடிச்சிக்குமாம்."

"தானான்னா?"

"கம்ப்யூட்டரே புடிக்குமாம்." அவர் புத்தகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பக்கத்தைத் தானே எழுதியது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வாசலில் நின்ற தனகோட்டி, அறிக்கைத் தாளோடு உலாவிக்கொண்டிருந்த இளையபெருமாளைக் கேட்டார்: "அப்ப எம் பொண்ணு இன்னா சார் பண்ணணும்?"

"ஒக்காரணும். கோல்கீப்பர் இல்லாத டீமு செல்லாது. கிளவுசு போட்டுகினு ஒக்காரணும், அதுவும் விதி."

"சர்டிபிகேட்டு?"

"ஆடுனா உண்டு."

"ஒக்காந்துருந்தா ஆடுன மாதிரியா சார்?"

இளையபெருமாள் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இந்த ஆபீசுல இத்தன பேரு இருக்கோமே, நாங்கல்லாம் இன்னா பண்ணிக்கினு இருக்கோம்?"

அதற்குப் பதில் சொல்வது மரியாதையாக இருக்காது என்று தனகோட்டி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அறிக்கையில் பதினைந்தாவதாக ஏதும் சேர்க்கலாமா என்று யோசித்த இளையபெருமாள், 'கோல்கீப்பருக்கு உழைப்பு மிச்சம்' என்று எழுதி, அது நான்காவது நிறையிலேயே இருப்பதைப் பார்த்து அடித்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் தனகோட்டி வீட்டுக்கு வந்தபோது, ரஞ்சனி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கிளவுஸ். எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"பிராக்டீசு நைனா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கைகால் கழுவப் போனார்.

ஜூன் பதினான்காம் தேதி போட்டி. நான்கு அணிகள் வந்திருந்தன. டிவிக்கு முன்னால் ஓடு பதித்த தரையில் சுண்ணாம்பால் செவ்வகமாகக் கோடு போட்டிருந்தது. கோடு போடாத களத்தில் ஆட்டம் தொடங்கக் கூடாது. நான்கு மூலையிலும் செங்கல் முட்டுக்கொடுத்துக் கொடி நட்டிருந்தார்கள்.

தொடக்கவுரைக்கு வந்த சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிஷம் பேசினார். "நான் சிறு வயதில் கால்பந்து ஆட ஆசைப்பட்டேன். அடிபடும் என்று அம்மா விடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, நான் எதையும் தொட்டதில்லை, என்னை எதுவும் தொட்டதில்லை. இன்று என்னைப் போலவே இந்தத் தலைமுறையும் வளர வாரியம் வழிசெய்துவிட்டது. இந்த விளையாட்டின் முதல் நிறை, ஆடுபவர் எவருக்கும் காயம் ஏற்படாது. இதைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்." பொன்னெழுத்துக்கு நேரமில்லாததால் வினைல் பேனரில் அடித்து மேடைக்குப் பின்னால் ஏற்கெனவே கட்டியிருந்தார்கள்.

பிறகு அவர் ஆட்டக்காரர்களோடு கை குலுக்க வேண்டும். நாற்காலியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் அவர்களைத் தாண்டிப் போனார். பந்தை உதைக்கப் போகிறவர்கள் டிவிக்குள் வரிசையாக நின்றார்கள். அவர் கையை நீட்டினார். போட்டோக்காரர் "சார் இன்னும் கிட்ட" என்றார். கண்ணாடியில் ஐந்து விரலும் பதிந்தன. குறை என்ற கட்டத்தில் இளையபெருமாள் எழுதிய முதல் வரி அப்போது எழுதியதுதான்: 'முக்கியஸ்தர்கள் வீரர்களோடு கை குலுக்க வசதி இல்லை.'

முதல் ஆட்டத்தின் பன்னிரண்டாவது நிமிஷத்தில் டிவிக்குள் மழை பெய்தது. வெளியே நூற்றி நாலு டிகிரி. கோட்டை இருக்கும் ராஜகிரி மலைப் பாறையெல்லாம் சுட்டு, அந்த அனல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆனால் மழை பெய்தால் நடுவர் களத்தைப் பார்வையிட்டு ஈரப்பதத்தைக் குறிக்க வேண்டும். தங்கராஜ் டிவி வரை நடந்து, திரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, "காஞ்சிதான் இருக்குது" என்றார். அதை எழுத்தில் தரச் சொன்னார்கள். அதற்குள் கரண்ட் போய்விட்டது. 'வெளிச்சக் குறைவால் ஆட்டம் நிறுத்தம்' என்று பதிவானது. கரண்ட் வந்ததும் திரையில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் விருத்தாம்பாள் பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் பெட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். போகாததற்கு அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

இவ்வளவு நேரமும் ரஞ்சனி கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் கிளவுஸ் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறக்கிறவர்கள் அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அவள் தள்ளி உட்கார்ந்தால், ஆட்டக்காரர் தன் இடத்தை விட்டு நகர்ந்ததாகக் கொடி காட்டினார்கள். திரையில் அவள் இடத்தில் நின்ற ஆறடி உயரத்துக்காரன் நன்றாகத்தான் பிடித்தான். ஒரு பந்தை மட்டும் அவன் விட்டபோது, "சோமாரி, இடுப்பப் பாரேன்" என்று ரஞ்சனி முணுமுணுத்தது தனகோட்டி காதில் விழுந்தது.

செஞ்சி அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே மேல்சித்தாமூர் அணி. மூன்று மணிக்கு ஆரம்பித்தது, நாலு மணிக்குச் சமமாக முடிந்தது. பெனால்டி.

தங்கராஜ் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றிவிட்டும் படித்தார்.

"ரஞ்சனி" என்று கூப்பிட்டார். "எழுந்து வாம்மா. பெனால்டில மட்டும் கீப்பர நம்மதான் ஆட்டணுமாம்."

காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில் அவளுக்குக் கால் மரத்திருந்தது. நொண்டிக்கொண்டு பத்து நாற்காலிகளையும் தாண்டி வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றாள். மோனிகா கன்ட்ரோலரைக் கொடுத்தாள். "இந்தக் குச்சிய எந்தப் பக்கம் தள்ளுறியோ அந்தப் பக்கம் பாய்வான்டி."

கிளவுஸ் போட்ட கட்டைவிரல் அந்தச் சின்னக் குச்சியை மூடி, பக்கத்திலிருந்த நாலு பொத்தானையும் மூடியது.

"கிளவுச கழட்டிக்கட்டுமா சார்?"

இளையபெருமாள் விதியைப் பார்த்தார். "கிளவுசு இல்லாத கோல்கீப்பர் தகுதி நீக்கம்."

எதிரணியின் முதல் உதை. திரையில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் ஓடிவந்தான். "ரைட்டு" என்றாள் ரஞ்சனி, அவன் பந்தைத் தொடுவதற்கு முன்பே. பந்து வலப்பக்கம் போனது. அவள் விரலுக்கடியில் ஏதோ அமுங்க, ஆறடிக்காரன் இடப்பக்கம் பாய்ந்தான். கோல். இரண்டாவதில் "லெப்ட்டு" என்றாள். லெப்ட்டுதான். ஆறடிக்காரன் நடுவில் குந்தினான். மூன்றும் நாலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்ன பக்கம்தான் பந்து போனது. ஒவ்வொரு தடவையும் கீப்பர் வேறெங்கோ போனான். ஹாலில் இருந்தவர்கள் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார்கள். மோனிகாவும் நடுநடுவே கன்ட்ரோலரை வாங்கி, விடாமல் ஐந்தையும் அடித்துவிட்டாள். மேல்சித்தாமூருக்கு ஒரு உதை பாக்கி. இதைத் தடுத்தால் செஞ்சிக்குக் கோப்பை.

மஞ்சள் தலைமுடிக்காரன் ஒருவன் வந்தான். நின்றான். ஓடிவந்தான். வலப்பக்கம் பார்த்தபடி ஓடிவந்தான். இடுப்பு மட்டும் மயிரிழை இடப்பக்கம் சாய்ந்தது.

ரஞ்சனி பாய்ந்தாள்.

இரண்டு கையையும் நீட்டி, முழு உடம்பையும் தரைக்குச் சமமாக விரித்து, இடப்பக்கம் பாய்ந்தாள். ஒயர் பிய்ந்து கன்ட்ரோலர் எங்கோ போனது. மூலைக்கொடியின் செங்கல் பெயர்ந்தது. சுண்ணாம்பு எழும்பியது. அவள் விரல்கள் நீண்டிருந்த அதே உயரத்தில், அதே பக்கத்தில், திரைக்குள் பந்து பறந்துபோய் வலையில் விழுந்தது. ஆறடிக்காரன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டின் நடுவில் நின்றிருந்தான்.

டிவியில் அறுபதாயிரம் பேர் ஆர்ப்பரித்தார்கள். சிறப்பு விருந்தினரும் கை தட்டினார். தங்கராஜ் விசில் ஊதினார். எதற்கு ஊதினார் என்று பின்னால் விசாரணையில் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரஞ்சனி எழுந்திருக்கவில்லை. இடது மணிக்கட்டு வளையக்கூடாத பக்கமாக வளைந்திருந்தது. விருத்தாம்பாள் இந்த முறை யாரையும் கேட்காமல் பெட்டியோடு ஓடினார். தனகோட்டி மகளைத் தூக்கினார். ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை தூக்குகிறவருக்கு, அவள் எவ்வளவு லேசாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சரியா பாஞ்சேனா நைனா?" என்றாள்.

"சரியாத்தான் பாஞ்ச" என்றார்.

மறுநாள் குழு கூடியது. மோனிகா வந்து வாதாடினாள். "சார், ரீப்ளே போட்டு, போட்டோக்காரர் எடுத்த படத்தோட வச்சிப் பாருங்க. பந்து போன எடத்துலதான் ரஞ்சனி கை இருக்குது. ஒரு இஞ்சு தப்பு சொல்லுங்க பாக்கலாம்." போட்டுப் பார்த்தார்கள். ஒரு அங்குலமும் தப்பில்லை என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பாய்ச்சல் டிவிக்கு வெளியே நடந்திருந்தது. களத்துக்கு வெளியே தடுத்த பந்து செல்லாது என்பது எல்லா நாட்டிலும் உள்ள விதி என்று சொல்லி, சமமான பிறகு கன்ட்ரோலர் இல்லாமல் செஞ்சி ஆட்டத்தைத் தொடரவில்லை என்று கோப்பையை மேல்சித்தாமூருக்கு எழுதினார்கள்.

உண்மையான சிக்கல் அதுவல்ல. முதல் நிறைதான் சிக்கல். ஆடுபவர் எவருக்கும் காயம் ஏற்படாது என்று பேனர் அடித்தாயிற்று, சிறப்பு விருந்தினர் வாயால் சொல்லியாயிற்று, பத்திரிகையிலும் வந்தாயிற்று. இந்த நிலைமையில் ஒரு பெண் மாவுக்கட்டோடு செஞ்சிக்குள் நடமாடுவது அறிக்கைக்கு முரணாக இருந்தது. ஐந்து நாள் கழித்து இளையபெருமாள் தனகோட்டிக்கு ஆள் அனுப்பினார். டீயும் வரவழைத்தார்.

"கை எப்படிப்பா இருக்குது?"

"ஆறு வாரம் கட்டு இருக்கணும்னு சொல்லிட்டாங்க சார்."

"பாவம். நல்ல பொண்ணு." ஒரு படிவத்தை நகர்த்தினார். "உன்னால ஒரு சின்ன ஒத்தாச. பாப்பா வீட்ல வழுக்கி வுழுந்துடுச்சின்னு ஒரு லெட்டர். அவ்ளோதான். சர்டிபிகேட்டு பைல நானே முன்ன நின்னு நகத்துறேன்."

"எங்க வீடு மண்ணு தரை சார். வழுக்காது."

"தடுக்கி வுழுந்துடுச்சின்னு எழுது."

தனகோட்டி பேனாவை எடுத்தார். பொய்யாகக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. உண்மையாகப் போட்டும் அதிகம் பழக்கமில்லை. ஜூன் முடிய பத்து நாள்தான் இருந்தது. விழுந்தவர் பெயர் என்ற இடத்தில் மகள் பெயரை எழுதினார். விழுந்த இடம் என்ற இடத்தில் வீடு என்று எழுதினார். அதற்குக் கீழே, விழுந்த தேதியும் நேரமும் என்று ஒரு கோடு இருந்தது. இடத்தைத்தான் மாற்றிச் சொல்கிறோம், நேரமாவது உள்ளபடி இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. 'ஜூன் 14, மாலை 4 மணி' என்று எழுதி, எழுத்துப் பிசகாமல் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தெட்டாம் தேதி சான்றிதழ் வாங்க வரச் சொல்லியிருந்தார்கள். தனகோட்டி அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். ரஞ்சனியும் கூட வந்தாள். வேன்கள் வரும் வழியில் நிற்காதே என்று அவளை 'வெளியே' கம்பத்தின் ஓரம் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

இளையபெருமாள் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருந்தார். மோனிகா பெயரில் ஒன்று இருந்தது. நடுவில் உட்கார்ந்த எட்டு பேருக்கும், மோனிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் 'அணியில் இருந்தார்' என்று ஒன்று இருந்தது. பட்டியலில் கோல்கீப்பருக்கு நேரே 'தானியங்கி' என்று போட்டிருந்தது.

"எம் பொண்ணு சார்..."

"குழு பாத்துச்சிப்பா. பெனால்டி நடந்தது நாலு மணிக்கு. நாலு மணிக்கு உம் பொண்ணு வீட்ல தடுக்கி வுழுந்துச்சி. நீயே எழுதிக் குடுத்துருக்க. வீட்ல வுழுந்துக்கினு இருக்கிற பொண்ணு இங்க எப்படிப்பா பாயும்?"

தனகோட்டி அவர் காட்டிய கடிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"சார், நீங்களும் அங்கதான சார் இருந்தீங்க. நீங்க கூட தண்ணி குடுத்தீங்களே சார்."

"நான் குடுத்தேன். குழு குடுக்கலயே."

"அதுக்கு முன்னாடி காலைலேர்ந்து ஒக்காந்துருந்துச்சே. ஒக்காந்துருந்தா ஆடுன மாதிரின்னு நீங்க சொன்னீங்க."

"அது ஆபீசுக்கு. மத்ததுங்களுக்கு அணியில் இருந்தார்னு போட்டோம். உம் பொண்ணு கடைசி வரைக்கும் இல்லாம பாதிலயே வீட்டுக்குப் போயிடுச்சின்னு ஆவுது. அப்படிப் பாத்தா ஒழுங்கு நடவடிக்கை எடுக்கணும். நான்தான் பேசி நிறுத்தி வச்சிருக்கேன்."

"அந்தக் காயிதத்த திருப்பிக் குடுத்துடுங்க சார். கிழிச்சிடுறேன்."

"அது மேல போயிடுச்சி. இது நகல். நிறை நம்பர் ஒண்ணுக்கு ஆதாரமா அதத்தான் வச்சிருக்கோம். போட்டி நடந்த அன்னிக்கு வீட்ல இருந்த பொண்ணு வுழுந்து கை ஒடச்சிக்கிச்சி, இங்க இருந்த யாருக்கும் ஒண்ணும் ஆவல. இத வுட நல்ல ஆதாரம் கெடைக்குமா?"

இளையபெருமாள் கெட்டவர் அல்ல. எதிரில் நின்ற ஆள் நகரவும் இல்லை, அழவும் இல்லை, சத்தமும் போடவில்லை என்பது அவரைச் சங்கடப்படுத்தியது. அறிக்கையை எடுத்து விரித்தார்.

"இந்தா, உனக்கு எதுனா சொல்லணும்னா சொல்லு. குறை கட்டம் காலியாத்தான் இருக்குது. கை குலுக்க வசதி இல்லன்னு ஒண்ணுதான் எழுதிருக்கோம். பொதுமக்கள் கருத்துன்னு சேத்துக்கறேன். நாளைக்கு நாங்க கேக்கலன்னு இருக்கக் கூடாது."

தனகோட்டி யோசித்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது. வேன் நிற்கும் இடம், கழிவறைக் கதவு, கிளவுஸ், சேத்துப்பட்டு உறவுக்காரர்கள். அவர் வாயில் வந்தது வேறு.

"அந்த மஞ்ச முடிக்காரன் எடப்பக்கம்தான் அடிப்பான்னு எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிச்சி சார். அவன் இடுப்பப் பாத்தே தெரிஞ்சிச்சி. டிவி பொம்மதான, அதுலயும் அவளுக்குத் தெரிஞ்சிச்சி. அத எங்கனா ஒரு எடத்துல எழுதிக்கங்க சார்."

இளையபெருமாளின் பேனா குறை கட்டத்துக்கு மேலே நின்றது. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"யோவ், இது குறையே இல்லய்யா." பேனா தாளின் இடது பக்கத்துக்கு வந்தது. பதினைந்தாவது நிறைக்குப் பல நாளாக ஒதுக்கிவைத்திருந்த இடத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "உதைப்பவரின் இடுப்பசைவைக் கொண்டே பந்து செல்லும் திசையை அறியலாம். அந்த அளவுக்குத் தத்ரூபம்." எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டார். "உன் புண்ணியத்துல பதினஞ்சி ஆச்சி. டீ சாப்புடுறியா?"

"வேணாம் சார்" என்றார் தனகோட்டி.

ரஞ்சனி 'வெளியே' கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வேன் கோலுக்குள் புகுந்து போனது. அது எழுப்பிய தூசி அடங்கியபோது, வாரியத்தின் படியில் அவள் அப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் ஒன்றும் இல்லை. கையிலும் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஆனால் எண்பது கிலோ மூட்டையோடு சந்துக்குள் வருகிறவரைப் போல, அவர் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் பக்கத்தில் வரும்வரை அவள் காத்திருந்தாள். சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாப்டியா நைனா?" என்று மட்டும் கேட்டாள்.